கேட்கத் தெரியாத ஆங்கிலம்

தமிழ் கற்பிப்பவர் ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றிப் பேசுவதை வேலி தாண்டும் செயலாகக் கருதுவோர் உண்டு. நம் கல்லூரியின் ஆங்கிலத் துறை நண்பர் அவர்களுள் முதன்மையானவர். ஆயினும் வேலியை நாம் விரும்பித் தாண்டவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமிற்காக மாணவர்களுடன் சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் தங்க நேர்ந்தது. மாலை வேளைகளில் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதென்று முடிவாயிற்று. கணக்கை ஒருவர் எடுத்துக்கொண்டார். அறிவியலை மற்றொருவர் எடுத்துக்கொண்டார். தமிழில் பிள்ளைகளுக்கு உதவி தேவையில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எஞ்சியது ஆங்கிலம். அது நம் தலையில் விழுந்தது.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே மேலும் சில கல் தொலைவு சென்றால் அவ்வூர். அறுவடைக் காலம். வீட்டு வாசல்களிலெல்லாம் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. வந்த பிள்ளைகள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் படிப்பவர்கள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தவர் என்று மயங்க வேண்டா. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர்; பேசுவது தமிழே.) 'வாட் இஸ் யுவர் நேம்?' என்றோம். கூரை அதிர விடை வந்தது. 'வாட் இஸ் திஸ்?' என்று பேனாவைக் காட்டினோம். அதற்கும் கூரை அதிர்ந்தது. மகிழ்ந்து, "சரி, இப்போது நீங்கள் நம்மை ஆங்கிலத்தில் கேளுங்கள்" என்றோம்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாணம் என்று நினைத்தோம். அது நாணம் அன்று என்பது சற்று நேரத்தில் விளங்கியது. பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, 'மே ஐ கோ அவுட், சார்?' என்றான். பிழையற்ற ஆங்கில வினா. துணைவினை முன்னே, எழுவாய் பின்னே, முதன்மை வினை அதன் பின்னே. இலக்கண நூல் கேட்கும் வரிசை ஒரு மாத்திரையும் பிசகாமல் வந்து நின்றது. தமிழ்நாட்டில் பள்ளிக்குச் சென்ற எந்தக் குழந்தையும் இவ்வொரு வினாவில் தவறுவதில்லை. 'ஐ மே கோ அவுட்?' என்று கேட்ட பிள்ளையை நாம் இதுவரை கண்டதில்லை. காரணம் வெளிப்படை. அக்குழந்தைக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. ஆங்கில வகுப்பு முழுவதிலும் அவனுக்கு உரியதாக இருக்கும் ஒரே வினா அதுதான்.

நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தது வாசகர் அறிந்ததே. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இப்பகுப்பில் சொல்லின் வடிவம் பற்றி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதே அளவுகோல். ஒரே சூத்திரத்தின் பொருளை ஆசிரியர் மாணவரிடம் கேட்டால் அறிவினா. மாணவர் ஆசிரியரிடம் கேட்டால் அறியாவினா. சொல் ஒன்றே, நிற்கும் இடம் வேறு. இதைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லிவந்த நாம், ஒரு மலைச் சிற்றூரில் முப்பது பிள்ளைகளின் முன் நின்றபோதுதான் இதன் கூர்மையை உணர்ந்தோம். அவர்கள் ஐந்தாறு ஆண்டு ஆங்கிலம் படித்தவர்கள். அத்தனை ஆண்டுகளிலும் அவர்கள் செவியில் விழுந்தவை எல்லாம் அறிவினாக்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு 'இது என்ன?' என்று கேட்பவருக்கு அது என்னவென்று தெரியும். தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 1983இல் மைக்கேல் லாங், சார்லின் சாட்டோ ஆகிய இரு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் விடை தெரிந்த வினாக்களையே மிகுதியாகக் கேட்பதையும், வகுப்பறைக்கு வெளியே மனிதர் அப்படிப் பேசிக்கொள்வதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினர். அவ்வகையை டிஸ்பிளே கொஸ்டின் என்பர். மற்றதை ரெஃபரென்ஷியல் கொஸ்டின் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியார் சொன்னதைத்தான் இவர்கள் சொன்னார்கள் என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. அந்தப் பழக்கம் தமிழாசிரியர்களுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் உண்டு. கையிலிருந்த கருவியை நாம் எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பதே நம் வருத்தம்.

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் பெரிய முயற்சிகள் நடக்காமலில்லை. 1950களின் இறுதியில் தொடங்கி, தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி தர முனைந்த திட்டம் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர்பெற்றது. பயின்றவர் பிறரைப் பயிற்றுவிக்க, அவர் மேலும் பலரைப் பயிற்றுவிக்க, உருளும் பனிப்பந்து போலத் திரள வேண்டும் என்பது எண்ணம். (சென்னைக்குப் பனிப்பந்தை உவமை ஆக்கியவரின் துணிவை வியக்கலாம்.) வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பயிற்றும் முறை அது. 'திஸ் இஸ் எ புக்', 'இஸ் திஸ் எ புக்?', 'எஸ், இட் இஸ்' என்னும் மூன்றடி நம் தலைமுறைக்கும் தாலாட்டாக வந்து சேர்ந்தது. நடு அடி எப்போதும் ஆசிரியருக்கு. முதலும் முடிவும் பிள்ளைகளுக்கு.

அதற்கு எதிர்வினையாக அமைந்ததை உலகமே அறியும். பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்திலிருந்து என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சோதனை அது. பெங்களூர்த் திட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டாலும் சென்னைப் பள்ளிகளும் அதில் இருந்தன. இலக்கணத்தைச் சொல்லித்தராமல், இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அறிவுக்கு வேலை தந்தால் மொழி தானே படியும் என்பது பிரபுவின் கொள்கை. 1987இல் வெளிவந்த அவருடைய நூலை ஆங்கிலத் துறை நண்பரே நமக்குத் தந்தார். (நன்றி கூறியாக வேண்டும்.) பிரபுவின் வகுப்பில் வினாக்களுக்கு உயிர் இருந்தது. ஆயினும் பணிக்கு முன்னோடியான பகுதியை ஆசிரியரே கேள்விகளால் வழிநடத்திச் சென்றார். பிள்ளை சிந்திக்கக் கற்றது. கேட்கக் கற்றதா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

இனி வடிவத்திற்கு வருவோம். தமிழில் வினா எளிது. ஓர் ஆகாரத்தை ஒட்டினால் போதும். சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். எளிது மட்டுமன்று, நுட்பமும் கூட. 'முருகன் நேற்றுச் சேலத்துக்குப் போனான்' என்பதில் ஐயம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆகாரம் சென்று அமரும். முருகனா போனான்? நேற்றா போனான்? சேலத்துக்கா போனான்? போனானா? ஆங்கிலத்திலோ 'டிட் முருகன் கோ டு சேலம் எஸ்டர்டே?' என்னும் ஒரே வினா. எதைக் கேட்கிறோம் என்பதைக் குரல் அழுத்தத்தாலோ, வாக்கியத்தைப் பிளந்து நீட்டியோதான் உணர்த்த வேண்டும். இவ்வளவு வசதியான வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம், 'சொற்களை இடம் மாற்று. அதோடு எங்குமில்லாத டூ ஒன்றைக் கொண்டுவா. காலத்தை அதன்மேல் ஏற்று. பின்னர் வினைச்சொல்லைக் களைந்து வெறுமையாக்கு' என்றால் அது மிரள்கிறது. 'டிட் யூ வென்ட்?' என்கிறது. அடி வாங்குகிறது.

உண்மையில் அந்த டூ ஆங்கிலத்துக்கே பிற்காலத்து வரவு. வினைச்சொல்லையே முன்னே தள்ளி வினாவாக்குவதுதான் பழைய வழக்கு; ஜெர்மானியர் இன்றும் அப்படித்தான் கேட்கின்றனர். டூ இட்டுக் கேட்பது 16ஆம் நூற்றாண்டில் பரவியது. ஷேக்ஸ்பியரிடம் இரண்டு முறைகளும் கலந்து கிடக்கின்றன. நம் பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் ஆங்கிலேயரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தடுமாறியிருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

இரண்டாம் நாள் மாலை, 'டிட் யூ வென்ட்' ஏன் பிழை என்பதை விளக்க வழியின்றித் திகைத்திருந்தபோது, ஒரு சிறுமி தன் தோழியைப் பற்றி முறையிட்டாள்: "இல்லைங்க ஐயா, அவள் நேற்று வரத்தான் செய்தாள்." அச்சொல்லில் வழி கிடைத்தது. 'வந்தாள்' என்பதில் காலமும் பாலும் வினைமேலேயே இருக்கின்றன. 'வரத்தான் செய்தாள்' என்னும்போது அவை அத்தனையும் 'செய்' என்பதன்மேல் ஏறிக்கொள்ள, 'வர' என்பது வெறுமனே நிற்கிறது. 'வந்தத்தான் செய்தாள்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. ஆங்கிலத்தின் 'ஷி கேம்', 'ஷி டிட் கம்' என்பவை இவற்றின் நேர் இணைகள். இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதல் இரண்டு சொற்களை மட்டும் இடம் மாற்றினால் 'டிட் ஷி கம்?' வந்துவிடுகிறது. 'ஷி இஸ்' என்பது 'இஸ் ஷி' ஆவதும் இதே விதிதான். எதிர்மறைக்கும் இது துணை செய்யும். 'வந்தாள்' என்பதற்கு மறுப்பு 'வரவில்லை'. 'வந்தாள் இல்லை' என்று நாம் பேசுவதில்லை. 'டிட் நாட் கேம்' என்பது 'வந்தாள் இல்லை' என்பது போன்றது என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்த அக்கணத்தில் விதி உள்ளே இறங்கிவிட்டதை நாம் கண்டோம். (மறுநாள் 'ஹூ டிட் கம்?' என்று எல்லாவற்றுக்கும் டூ போடத் தொடங்கினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எழுவாயையே வினவும்போது டூ வராது என்பதைத் தனியே சொல்ல நேர்ந்தது.)

ஆங்கில வகுப்பில் தமிழ் நுழையக் கூடாது என்னும் கொள்கையோடு நமக்குள்ள பிணக்கு இங்கேதான். தமிழைப் பிழைகளுக்கெல்லாம் காரணமாகக் காட்டுவது எளிது. 'வேர் யூ ஆர் கோயிங்?' என்று கேட்கும் பிள்ளையைத் தாய்மொழி கெடுத்துவிட்டது என்கிறோம். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே, ஆம்-இல்லை வினாக்களில் சொற்களை இடம் மாற்றத் தெரிந்த பின்னரும், வினாச்சொல் வரும்போது மாற்றாமல் பேசும் பருவம் ஒன்றைக் கடக்கிறார்கள் என்று கிளைமாவும் பெலூஜியும் 1966இலேயே பதிவு செய்தனர். பின்னர் மான்ஃப்ரெட் பீனமன் முதலியோர், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவரும், எம்மொழியினராயினும், ஏறத்தாழ ஒரே படிவரிசையில்தான் வினாக்களை அடைகிறார்கள் என்று காட்டினர். எதிர்மறை வினா, வாக்கியத்துக்குள் பொதிந்த வினா, வாலாக ஒட்டும் வினா ஆகியவை அவ்வரிசையில் உச்சிப்படி. நம் பள்ளித் தேர்வுகளிலோ, எளிய வினாவொன்றைத் தானாகக் கேட்க இயலாத பிள்ளை 'கொஸ்டின் டாக்' எழுதி மதிப்பெண் பெற்றுவந்திருக்கிறது. பிஞ்சு பிடிக்குமுன் பழம் பறிக்கும் வேளாண்மை. எல்லாவற்றுக்கும் 'இஸ்ன்ட் இட்?' போடுகிறார்கள் என்று நகைக்கிறோம். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் தத்தம் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே வாலைத்தான் ஒட்டுகிறார்கள். நம் 'இல்லையா'வும் அதுவே. அதை விட்டுவிடலாம் என்பது நம் துணிபு.

விட முடியாதது ஒன்று உண்டு. அம்மலையைச் சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தி, சுற்றுலா விடுதி ஒன்றில் வேலைக்கு நேர்முகத்துக்குச் சென்ற கதையை முகாமின்போது நம்மிடம் சொன்னார். 'யூ ஹாவ்ன்ட் வொர்க்ட் எனிவேர் பிஃபோர்?' என்று கேட்டிருக்கிறார்கள். 'எஸ், சார்' என்றிருக்கிறார். தமிழில் அதுவே முறை: 'நீ எங்கும் வேலை பார்த்ததில்லையா?' 'ஆமாங்க, இல்லைங்க.' கேட்டவரின் கூற்றுக்கு நாம் ஆம் என்கிறோம். ஆங்கிலமோ நடந்த செயலுக்கு ஆம் என்கிறது. 'எங்கே வேலை பார்த்தாய்?' என்று அடுத்து வந்தது. அவர் விழித்தார். பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வினாவும் விடையும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்று சொல்லியிருப்பதை நாம் சொல்லமைப்புப் பாடமாக மட்டுமே நடத்தி வந்திருக்கிறோம். வழுவினால் ஒருவருக்கு வேலை போகும் என்று அன்றுதான் கற்றோம். அப்பெண் 'பார்டன், சார்? டு யூ மீன்...' என்று திருப்பிக் கேட்டிருந்தால் போதும். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்பது நம் இலக்கண மரபு. ஆனால் கேட்பவர் துரை இடத்தில் அமர்ந்திருக்கையில் திருப்பிக் கேட்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

துரை என்ற சொல் தானாக வந்து விழுந்துவிட்டது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்களும் துரைமார் பங்களாக்களும் அதைத் தொடர்ந்து எழுந்தன. அவற்றோடுதான் ஆங்கிலம் மலையேறியது. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த இளந்துரைகள் தமிழ் கற்க 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கையேடு வெளியானது. அதன் பெயரே 'இங்கே வா'. தோட்டத்து மொழியுறவின் இயல்பை அத்தலைப்பைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அங்கே ஒருவர் ஏவுவார், வினவுவார்; மற்றவர் வருவார், விடை சொல்வார். இன்றும் ஏற்காட்டில் ஆங்கிலத்துக்கு இரு முகங்கள் உண்டு. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வழக்காடுகிறார்கள். அதே மலையின் மறுசரிவில் நம் முப்பது பிள்ளைகள் ஆங்கிலத்தில் விடைமட்டும் சொல்கிறார்கள். இவ்வேற்றுமையைச் சொல்வளம் என்றோ உச்சரிப்பு என்றோ அளக்கிறோம். யாருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது என்று அளந்து பார்த்தோமில்லை.

நம் பிழையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள். நன்னூல் ஆறும் வகுப்பில் விளையாட்டாகியிருந்தன. தொலைவில் தெரிவது பனியா புகையா என்பது ஐயவினா: 'இஸ் இட் மிஸ்ட் ஆர் ஸ்மோக்?' கடையில் மிளகு கேட்பது கொளல்வினா: 'டு யூ ஹாவ் பெப்பர்?' குளிரில் நடுங்கும் நம் மாணவரிடம் 'டு யூ வாண்ட் எ பிளாங்கெட்?' என்பது கொடைவினா. பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அதுவரை வாயே திறவாதவள், எழுந்து நம்மைப் பார்த்து, 'வொய் யூ கேம் ஹியர்?' என்றாள்.

நாம் மகிழ்ச்சியோடு கரும்பலகைக்குச் சென்றோம். 'வொய் டிட் யூ கம் ஹியர்?' என்று எழுதினோம். 'வரத்தான் செய்தாய்' என்பதை நினைவூட்டினோம். அவளை மும்முறை சொல்ல வைத்தோம். சரியாகச் சொன்னாள். கைதட்டச் செய்தோம். அவள் அமரவில்லை, சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அமர்ந்தாள். இரவு உணவின்போது நம் மாணவர் ஒருவர்தான் சொன்னார்: "ஐயா, அந்தப் பெண் கேட்டதற்கு நீங்கள் விடையே சொல்லவில்லை."

ஐந்து நாட்களில் எழுந்த முதல் அறியாவினாவை நாம் அறிவினாவாக்கி, திருத்தி, மதிப்பெண் போட்டு மூடிவிட்டோம். மறுநாள் அவளிடம் சென்று, முகாம் என்றால் என்ன, ஏன் வந்தோம் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொல்ல முயன்றோம். நம் விடை நமக்கே அவ்வளவு தெளிவாக இல்லை. அவள் விடவில்லை. 'பட் வொய் ஹியர்?' என்றாள். அதில் வினையும் இல்லை, எழுவாயும் இல்லை. நாம் திருத்தவில்லை.

இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளரை வாசகர் அறிந்திருப்பர். 1863இல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையிலெடுத்து, இதை மனிதக் கை செதுக்கியதோ என்று தமக்குள் கேட்டவர். தென்னாட்டின் பழைய கற்காலம் அவ்வொரு வினாவில் திறந்தது. அவர் பிற்காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில்தான். வகுப்பில் இதைச் சொல்லி, ஆளுக்கொரு கல் எடுத்துவரச் சொன்னோம். கல்லைப் பற்றித் தமக்குத் தெரியாத ஒன்றை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்பது மட்டுமே விதி. விடை நமக்கும் தெரிந்திருக்கக் கூடாது. வந்த வினாக்களில் பாதிக்கு மேல் இலக்கணப் பிழை. 'ஹவ் மெனி இயர்ஸ் திஸ் ஸ்டோன்?' என்றான் ஒருவன். 'மே ஐ கோ அவுட்' சிறுவன் தன் கல்லைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இஸ் இட் கோல்ட் இன்சைட்?' என்றான். குளிர்ச்சியைக் கேட்டானா, தங்கத்தைக் கேட்டானா என்று அவன் உச்சரிப்பிலிருந்து நமக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டோம். இரண்டும்தான் என்றான்.

இக்கட்டுரையின் முதற்படியை ஆங்கிலத் துறை நண்பரிடம் படிக்கக் கொடுத்தோம். படித்து முடித்துத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, 'சோ, யூ டோண்ட் டீச் தமிழ் எனி மோர்?' என்று கேட்டார். எஸ் என்பதா நோ என்பதா என்று ஒரு கணம் தடுமாறிப் போனோம்.